பின்னால் ஓட்டிய நீர்நாய்

அலையாத்திக் காட்டின் முகத்துவாரத்தில் நீள்வாலன் என்றொரு நீர்நாய் இருந்தது. ஏழு மழைக்காலம் பாடுபட்டு அது ஒரு பாய்மரப் படகைக் கட்டியது. அதற்கும் மனைவி வெண்கழுத்தாளுக்கும் இனி அந்தப் படகுதான் வீடு. காற்று விழுந்துவிட்டால் ஓட்ட ஒரு சின்ன எஞ்சினும் வைத்தாயிற்று. அடியில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் விசிறி மட்டும்தான் பாக்கி.

பட்டறைக்கார நண்டு இரண்டு விசிறிகளை எடுத்துப் போட்டது. ஒன்றில் மூன்று இதழ்களும் விறைத்து நின்றன. மற்றதில் இரண்டே இதழ்கள். எஞ்சினை நிறுத்தினால் அவை மொட்டு மாதிரி மடங்கிக்கொள்ளும்.

“மடக்கு விசிறியை எடு அண்ணே,” என்றது நீர்க்காகம் கூரலகன். “இங்கே எல்லாப் படகுக்கும் அதுதான். பாய் விரித்ததும் மடங்கிவிடும், வேகம் குறையாது. நான் முங்கும்போது சிறகை மடக்குவதில்லையா?”

“சரி. பாறை எதிரே வந்து, நிறுத்தப் பின்னால் ஓட்ட வேண்டியிருந்தால்?” என்று கேட்டது நீள்வாலன்.

துறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி முறைத்தார்கள். அங்கே ‘பின்னால்’ என்பது அபசகுனச் சொல். புதுப்படகை முன்னால் மட்டுமே ஓட்டிப் பார்ப்பார்கள். பின்னால் ஓட்டினால் கடலுக்குப் போன படகு கரை திரும்பாதாம்.

“வாயைக் கழுவு,” என்றது துறைத்தலைவர் பெருவாயன். அது ஒரு கிழட்டுக் கூழைக்கடா.

நீள்வாலன் சேற்றில் உட்கார்ந்து யோசித்தது. ‘என் பயத்துக்குத்தான் புத்தி என்று பேர் வைத்துக்கொள்கிறேனா?’ எழுந்து நண்டிடம் போய் அதே கேள்வியைக் கேட்டது.

“பின்னால் ஓட்டும்போது தண்ணீரே மடக்கு இதழை மூடப் பார்க்கும். பிடிப்பு பாதிகூட இருக்காது,” என்றது நண்டு. “விறைத்த விசிறி நன்றாகப் பிடிக்கும். ஆனால், பாயில் ஓடும்போது வேகத்தைத் தின்னும்.”

“இதை ஏன் மற்றவர்களிடம் சொல்லவில்லை?”

“யார் கேட்டார்கள்? நான் பக்கவாட்டில் நடக்கிறவன். எனக்கு முன்னும் ஒன்றுதான், பின்னும் ஒன்றுதான்.”

நீள்வாலன் விறைத்த விசிறியையே மாட்டியது. துறை முழுக்கப் பார்த்திருக்க, படகைப் பின்னால் ஓட்டியும் காட்டியது.

“இனி இந்தத் துறையில் உனக்குக் கயிறு கட்ட இடமில்லை!” என்றது பெருவாயன்.

“வீட்டைப் பாறையில் மோதிவிட்டு, நல்ல பேர் வாங்கி என்ன செய்ய?” என்றாள் வெண்கழுத்தாள். அவள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். இருவரும் வெளியே அலையடிக்கும் இடத்தில் நங்கூரம் போட்டார்கள்.

மத்தி மீன் காலம் வந்தது. எல்லாப் படகுகளும் தீவுக்குப் புறப்பட்டன. நீள்வாலன் கடைசியில் போனது.

“நங்கூரத்தைத் தூக்க மறந்துட்டியா அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே கூரலகன் முந்தியது. நீள்வாலன் பாய்க்கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டியது. ‘இப்படித் தோற்கத்தான் இவ்வளவு வீம்பு பிடித்தேனா?’

தீவின் துறைவாய் குறுகல். உள்ளே சுற்றிலும் பாறை. முதலில் நுழைந்த கூரலகன் பாயை இறக்கி, நிற்பதற்காக எஞ்சினைப் பின்னால் திருப்பியது. விசிறி பாதி மூடிக்கொண்டது. பின்னாலிருந்து காற்று தள்ளியது. படகு நேரே போய் இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகிக்கொண்டது. பலகை நெரிந்தது.

மற்ற படகுகள் வெளியிலேயே சுற்றின. உள்ளே போனால் திரும்ப இடமில்லை. நீள்வாலன் மட்டும் நுழைந்தது.

“கயிற்றைப் பிடி!”

கூரலகன் அலகால் கவ்விக் கட்டியது. நீள்வாலன் எஞ்சினைப் பின்னால் முடுக்கியது. மூன்று இதழ்களும் தண்ணீரைக் கடித்தன. இரண்டு படகுகளும் பின்னாலேயே நகர்ந்து, பாறைகளைத் தாண்டி, வெளியே வந்தன.

கரை திரும்பியதும் பெருவாயன் தொண்டையைச் செருமியது. “உனக்குத் துறையில் இடம் தருகிறோம் அப்பா. ஆனால் ஒன்று. நீ முன்னால் போய் இழுத்ததாகவே இருக்கட்டும்.”

“பின்னால் போய்த்தான் இழுத்தேன்,” என்றது நீள்வாலன். “அதைச் சொல்லக் கூடாதென்றால் இடமும் வேண்டாம்.”

அது படகில் ஏறித் துறை நெடுகப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனது. தன் படகின் நெரிந்த பலகையில் நின்ற கூரலகன் கழுத்தை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது: “பின்னால்... இன்னும் பின்னால்... பாறை இல்லை, வா அண்ணே!”

ஊர் கேட்கக் கூடாதென்ற கேள்வியையும் துணிந்து கேட்பவனே தன்னையும் காப்பான், தன்னைப் பார்த்துச் சிரித்தவனையும் காப்பான்.