கறுப்பிலையும் கரிச்சானும்

அந்தக் காலத்தில் புகையிலை கறுப்பாக இருக்கவில்லை. கரிச்சான் குருவியும் கறுப்பாக இருக்கவில்லை. இலை வெயிலில் காய்ந்து வெளிறிய மஞ்சளாக இருக்கும். குருவியோ வெடித்த பருத்தியைப் போல வெள்ளை. அதன் வால்கூட மற்றக் குருவிகளின் வாலைப் போல நேராகத்தான் இருந்தது. வெள்ளைச்சி என்று அதைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் "ஓம்" என்று பதில் சொல்லும். பறவைகளும் மனிதர்களும் ஒருவர் பேச்சை ஒருவர் விளங்கிக்கொண்ட காலம் அது.

பூவரசந்துறை என்ற கடற்கரை ஊரில், செம்மண் தோட்டம் ஒன்றில், நன்னியனும் அவன் மனைவி ஐயாத்தையும் புகையிலை வைத்தார்கள். இலையைத் தின்ன வரும் புழுக்களை வெள்ளைச்சி பொறுக்கித் தின்னும். அதற்குப் பதிலாக அவர்கள் வீட்டுக் கூரைமுகட்டில் இருக்க அதற்கு இடம் உண்டு.

நன்னியனின் நாக்கு அந்தக் கரை முழுவதும் பெயர் பெற்றது. ஒரு சிட்டிகை இலையைக் கசக்கி சுங்கான் என்ற மண் புகைக்குழாயில் அடைத்து ஒருமுறை இழுத்தால் போதும். எந்தத் தோட்டத்து இலை, கிணற்றுத் தண்ணீர் நல்லதா உவரா, செடியின் அடியில் இருந்த இலையா நுனியில் இருந்த இலையா என்று சொல்லிவிடுவான். அடியிலையில் இரண்டு பங்கு, நுனியிலையில் ஒரு பங்கு என்று கலந்து பார்ப்பான். பிறகு மாற்றிக் கலந்து பார்ப்பான். எதிலும் அவனுக்குத் திருப்தி வரவில்லை.

"இந்த இலைக்கு என்ன குறை?" என்று ஐயாத்தை ஒருநாள் கேட்டாள்.

"குறை ஒண்டுமில்லை. இழுத்தால் வருது, ஊதினால் போகுது. வாயிலை ஒண்டும் தங்குதில்லை. அக்கரையிலை எங்கையோ ஒரு இலை இருக்காம். காலமை இழுத்தால் பொழுதுபடுமட்டும் நெஞ்சுக்குள்ளை நிக்குமாம்."

"நெஞ்சுக்குள்ளை நிக்க வேறை எத்தினையோ இருக்கு. இலைதான் நிக்க வேணுமோ?"

அவன் சிரித்தான். ஆனால் அந்தச் சித்திரையில், வெட்டிய இலை காய்ந்து முடிந்த கையோடு, அக்கரைக்குப் போகும் பாய்மர வத்தை ஒன்றில் ஏறிவிட்டான். "மாரிக்கு முன்னம் வந்திடுவன். இந்த வருசத்து இலையை வித்துப்போடாதை. நான் கொண்டுவாற இலையோடை கலந்து பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாரி வந்தது. அவன் வரவில்லை.

மழை ஈரத்தில் இலை பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. ஐயாத்தைக்குக் கை கால் ஓடவில்லை. அவன் வந்து கேட்டால் எதைக் கொடுப்பது? முற்றத்து மூலையில் தாழ்வாக ஒரு குடில் போட்டாள். உள்ளே கயிறு கட்டி இலைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். கீழே குழி வெட்டி, பொச்சுமட்டை என்ற தேங்காய் மட்டையைப் போட்டுத் தணல் வைத்து, சுவாலை எழாதபடி மண்ணால் மூடினாள். புகை மட்டும் இலைக்குள் ஏறியது. இலை காய்ந்தது. மஞ்சள் போய் மண்ணிறமாகி, அதுவும் போய்க் கறுப்பானது.

"இலை கெட்டுப் போச்சோ அக்கா?" என்று வெள்ளைச்சி கேட்டது.

"கெடேல்லை. நிறம்தான் மாறுது. அவர் வந்து இழுத்துப் பாத்துச் சொல்லட்டும்."

அடுத்த வருடமும் அவள் தனியாகப் புகையிலை வைத்தாள், வெட்டினாள், மாரி வந்ததும் பழைய இலைக்கு மேலே புது இலையைத் தொங்கவிட்டாள். பொச்சுமட்டை தீர்ந்தபோது பனங்கொட்டையைப் போட்டாள். அதுவும் தீர்ந்தபோது வேலியின் கிளுவங்கதியால்களைப் பிடுங்கிப் போட்டாள். வெள்ளைச்சி ஒவ்வொரு நாளும் காலையில் கடற்கரைக்குப் பறந்து போய் வத்தைகளைப் பார்த்துவிட்டு வரும். ஐயாத்தை ஒன்றும் கேட்கமாட்டாள். குருவி பேசாமல் வந்து முகட்டில் இருந்தால் விளங்கிக்கொள்வாள்.

அக்கரையில் நன்னியனுக்கு ஒரு ஆபத்தும் நேரவில்லை. ஒரு ஊரில் இலையை இழுத்துப் பார்ப்பான். "இதைவிட நல்லது மலைப்பக்கம் இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். மலைப்பக்கம் போனால், ஆற்றுக்கு அப்பால் என்பார்கள். அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று மூன்று வருடம் போய்விட்டது. ஒருநாள் காலை, முன்பின் தெரியாத ஒரு ஊரின் சந்தையில் இருந்தபடி, தான் இழுத்த இலைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எல்லாவற்றின் ருசியும் நாக்கில் வந்தது. தன் வீட்டின் வாசம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அது வரவில்லை. கையில் இருந்த இலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, கடல் இருக்கும் திசையைக் கேட்டு நடந்தான்.

ஆனால் அதற்குள் இக்கரையில் மூன்றாவது மாரி வந்துவிட்டது. வத்தைக்காரர் யாரோ, இலையை ருசி பார்த்துக்கொண்டே ஒரு மனிதன் உள்நாட்டுப் பக்கம் போவதைக் கண்டதாகச் சொன்னார்கள். ஐயாத்தை அன்று முழுவதும் குடில் வாசலில் இருந்தாள். மறுநாள் காலை கறுப்பிலையில் ஒரு கட்டுக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவருக்கு வழி மறந்து போச்சு. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"அக்கரை பெரிசு அக்கா. எங்கையெண்டு தேடுவாய்?"

"சுங்கான் பிடிக்கிற ஆக்களிட்டை எல்லாம் இந்த இலையிலை ஒரு சிட்டிகை குடுப்பன். முதல் இழுப்பிலை இது என்ன கொள்ளியிலை போட்ட புகை எண்டு சொல்ல அவர் ஒருத்தராலைதான் ஏலும். முகம் மாறியிருந்தாலும் நாக்கு மாறாது." பிறகு தணலைப் பார்த்தாள். "இது அணைஞ்சால் மூண்டு வருசத்து இலையும் போயிடும். நீ பாத்துக்கொள்ளுவியோ?"

"ஓம்" என்றது வெள்ளைச்சி.

ஒரு குருவி எவ்வளவு கொள்ளி தூக்கும்? ஈர்க்கு, நார், காய்ந்த சருகு என்று அலகில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து போட்டது. தணல் மங்கினால் சிறகால் விசிறியது. புகையும் கரியும் அதன் இறகுகளில் ஏறின. ஒருமுறை தணல் வெடித்து வாலின் நடுவில் விழுந்தது. நடு இறகுகள் கருகி, வால் இரண்டாகப் பிரிந்துபோனது. அப்போதும் அது போகவில்லை.

பதினேழாம் நாள், வேறொரு துறையில் இறங்கி, நடந்தே நன்னியன் வந்து சேர்ந்தான். வேலி இல்லை. வீட்டுக்குக் கதவு இல்லை. குடிலுக்குள் குனிந்து பார்த்தான். கறுப்புக் குருவி ஒன்று தணலுக்குப் பக்கத்தில் இருந்து இருமியது.

"ஆர் நீ?"

"என்னைத் தெரியேல்லையோ அண்ணை? வெள்ளைச்சி."

"ஐயாத்தை எங்கை?"

"உன்னைத் தேடி அக்கரைக்குப் போயிட்டா. பதினேழு நாளாச்சு."

நன்னியன் நிலத்தில் இருந்துவிட்டான். பிறகு கையை நீட்டி, மிகக் கீழே தொங்கிய பழைய இலையில் ஒரு துண்டு கிள்ளினான். உள்ளங்கையில் கசக்கிச் சுங்கானில் அடைத்து, அந்தத் தணலிலேயே பற்றவைத்து இழுத்தான்.

கனமான புகை. முதலில் புளித்த பனங்கட்டி போல ஒரு இனிப்பு, பிறகு மழை விழுந்த மண், அதற்கும் பிறகு தொண்டையைப் பிடிக்கும் ஒரு காரம். ஊதி முடித்த பின்னும் அது போகவில்லை. மூன்று வருடம் தேடியது வாய்க்குள் இருந்தது.

"பொச்சுமட்டை" என்றான் மெல்ல. அடுத்த கயிற்று இலையை எடுத்தான். "பனங்கொட்டை." அதற்கு மேலே இருந்ததை எடுத்தான். "இது கிளுவை. வேலியோ?"

"ஓம்."

அடுத்ததில் வெகுநேரம் நின்றான். "தண்ணி குடிச்ச மரம். இது துலா. கிணத்துத் துலாவையும் எரிச்சிட்டாளோ? தோட்டத்துக்குத் தண்ணி?"

"கையாலை கயிறு போட்டு இழுத்தவ."

"இது கதவு."

"ஓம். மழைக்குப் பாயைத் தொங்கவிட்டவ."

உச்சிக் கயிற்றில் இருந்த இலையை இழுத்தபோது அவனுக்குப் பிடிபடவில்லை. "கருகின மாதிரி ஒரு மணம். இது என்ன கொள்ளி?"

"அது என்ரை வால்" என்றது குருவி.

நன்னியன் முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டான். பிறகு எழுந்து கடற்கரையை நோக்கி ஓடப் பார்த்தான். குருவி அவன் முன்னால் பறந்து மறித்தது.

"நில் அண்ணை! நீ அங்கை போக அவ இஞ்சை வருவா. அவ அங்கை போக நீ இஞ்சை வருவாய். ஒராள் எண்டாலும் ஒரிடத்திலை இருங்கோ."

அவன் நின்றான். அதன் பிறகு அவன் எங்கும் போகவில்லை.

தை பிறந்து, வாடைக் காற்றோடு அக்கரை வத்தைகள் வந்தன. உடையான் என்ற தண்டேல், அந்த வத்தைகளில் ஒன்றை ஓட்டி வந்தவன், கரையில் இறங்கியதும் நன்னியனின் குடிலில் இருந்து வந்த வாசத்தை மோந்துகொண்டு வந்துவிட்டான்.

"இதே மணம். அக்கரையிலை ஒரு பொம்பிளை இந்தமாதிரிக் கறுப்பிலையோடை ஊரூராய்த் திரியிறா. சுங்கான் வைச்சிருக்கிறவையைக் கண்டால் ஒரு சிட்டிகை குடுக்கிறா. ஒண்டும் பேசமாட்டா. அவன் இழுத்து முடியுமட்டும் முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பா. பிறகு அடுத்த ஊர். எனக்கும் தந்தவ. நல்ல இலையெண்டு சொன்னன். அவ அழுதிட்டா."

"நான் வந்திட்டனெண்டு அவளிட்டைச் சொல்லுவியளோ?"

"சொல்லுறன். ஆனா நம்பமாட்டா. உவர் வந்திட்டார், அவர் வந்திட்டாரெண்டு கனபேர் விளையாட்டுக்குச் சொல்லி ஏமாத்தியிருக்கினமாம்."

நன்னியன் வீட்டுக்குள் போனான். எல்லாவற்றையும் எரித்த ஐயாத்தை, ஒன்றை மட்டும் எரிக்காமல் வைத்திருந்தாள். அவன் உட்கார்ந்து இலை ருசி பார்க்கும் நாவல் மரப் பலகை அது. வந்தால் அவனுக்கு இருக்க வேண்டும் என்று துடைத்துச் சுவரோடு சாத்தி வைத்திருந்தாள். மூன்று வருடம் தணலோடு இருந்தவளுக்கு ஒவ்வொரு கொள்ளியின் மணமும் தெரியும். அந்தப் பலகையை எடுத்து எரிக்கத் துணியக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான்.

அதைக் கொத்தித் தணலில் போட்டான். ஒரு வாரம் அந்தப் புகையிலேயே இலையைத் தொங்கவிட்டு, உடையானின் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தான். "ஒண்டும் சொல்ல வேண்டாம். அவளை இழுத்துப் பாக்கச் சொல்லுங்கோ."

பங்குனியில், காற்றுத் திரும்பத் தொடங்கிய நாட்களில், உடையான் வந்தான். கரையில் இருந்தே கூவிக்கொண்டு வந்தான்.

"இழுத்தவ! ஒரு இழுப்புத்தான். புகையை ஊதாமல் அப்பிடியே மணலிலை இருந்திட்டா. பிறகு சிரிச்சா. 'நாவல், நாவல்' எண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. என்ரை வத்தையிலை இடமில்லை. அடுத்தநாள் வெளிக்கிடுற வத்தையிலை ஏத்திவிட்டுத்தான் வந்தனான். நாளைக்கு நிப்பா!"

நன்னியன் முற்றத்தைக் கூட்டினான். கிணற்றுக்குப் புதுத் துலா போட்டான். வீட்டுக்கு ஒரு கதவு செய்து மாட்டினான். வெள்ளைச்சி ஒரே நாளில் ஏழு தடவை கடலுக்குப் போய்வந்தது.

அந்த வத்தை அடுத்த நாள் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. அக்கரைக்குத் திரும்பிப் போகவும் இல்லை. காற்று திரும்பிய நேரம், எந்தப் பக்கம் கொண்டுபோனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஊரார் வந்து ஆறுதல் சொல்லப் பார்த்தார்கள். நன்னியன் விடவில்லை.

"கடலிலை கரையா இல்லை? எங்கையோ ஒரு துறையிலை இறங்கியிருப்பா. அங்கையும் சுங்கான் பிடிக்கிற சனம் இருக்கும். இழுத்தால் கண்டுபிடிச்சிடுவா."

அவன் பிறகும் நாற்பது வருடம் இருந்தான். வருகிற வத்தைக்கெல்லாம் கறுப்பிலை கொடுத்தனுப்பினான். போகிற இடமெல்லாம் தெரியாத ஆட்களுக்கு ஒரு சிட்டிகை கொடுங்கள், கொடுத்துவிட்டு முகத்தைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டான். தண்டேல்கள் அப்படியே செய்தார்கள். அவர்களிடம் வாங்கியவர்களும் செய்தார்கள். குருவி எங்கே புகை கண்டாலும் பறந்து போனது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து பேசாமல் முகட்டில் இருந்தது. நன்னியன் போன பிறகு அது மனிதரோடு பேசுவதை விட்டுவிட்டது.

அன்று தொட்டுத்தான் புகையிலையைப் புகையில் தொங்கவிட்டுக் கறுப்பாக்குகிறார்கள். சுங்கான் பிடிக்கிறவர்கள் முன்பின் அறியாதவருக்கும் தங்கள் மடியில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் முதல் இழுப்பு இழுத்து முடிக்கும்வரை பேசாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதனால்தான். காட்டில் தீப்பிடித்தால் மற்றப் பறவைகள் எல்லாம் விலகி ஓட, கரிச்சான் மட்டும் பிளந்த வாலை விரித்துக்கொண்டு இன்றும் புகையை நோக்கிப் பறந்துபோகிறது.