வாசலில் ஒரு குரல்

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் ஒரு துணிப்பையும் ஒரு கேள்வியும்தான் இருந்தன. பையை வாங்கி ஓரமாக வைத்த மடத்தம்மை, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தை அவர்தான் நடத்திவந்தார். ஆவுடையப்பனுக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் மனம் நொந்தவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

"வீட்டுக்காரி போய்ட்டா தாயே. சோறு இறங்க மாட்டேங்குது. காலையில எந்திரிக்கேன், எதுக்கு எந்திரிச்சோம்னு தெரியல. இனிமே எனக்குன்னு என்ன இருக்கு?"

மடத்தம்மை, "என்ன வேலை பாத்தீய?" என்று கேட்டார்.

"பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். மைக்குல ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன்."

"அப்ப நல்ல குரல் இருக்கும். நாளையிலேருந்து மத்தியானம் வாசல்ல நின்னு நீங்க கூப்பிடுங்க."

அது மடத்தின் பழைய வழக்கம். உச்சி வேளையில் இலை போட்டதும் ஒருவர் வெளியே போய்ச் சாலையின் இரு பக்கமும் பார்த்து, "பசியோட யாராவது உண்டுமா?" என்று குரல் கொடுக்க வேண்டும். வந்தவருக்குத்தான் முதல் இலை. அவர் சோற்றில் கை வைத்த பிறகுதான் மடத்தில் மற்றவர்கள் உட்காரலாம். ஒருவரும் வராவிட்டால், கூப்பிட்டவர் உள்ளே வந்து "யாரும் இல்லை" என்று சொல்ல வேண்டும். முதல் இலைச் சோறு மாட்டுக்குப் போகும்.

வழக்கமெல்லாம் நல்ல வழக்கம்தான். ஆனால் ஊருக்கு வெளியே புதுச் சாலை போட்டுப் பேருந்துகளெல்லாம் அந்த வழியே திரும்பிய பிறகு, மடத்து வாசலில் நாய்கூட நடப்பதில்லை.

ஆவுடையப்பன் போய் நின்று கூப்பிட்டார். அவர் குரலுக்கு மரத்திலிருந்த காக்கைகள் பறந்தனவே தவிர ஆள் வரவில்லை. உள்ளே வந்தார்.

"யாரும் இல்லை."

தினமும் இதேதான். கடைசி இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைவார், நாலு பருக்கையை வாயில் போடுவார், யாரும் பார்க்காத நேரத்தில் இலையோடு எடுத்துப்போய் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவார். மாடு கொழுத்தது. அவருக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

"அண்ணாச்சி, இப்படியே போனா மாடு தொழுவத்து வாசல்ல நுழையாது, நீங்க கதவிடுக்குல நுழைஞ்சிருவீய" என்றார் சமையல்கார நெல்லையப்பன்.

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. உச்சி வெயிலில் வாசலில் நிற்கும்போதெல்லாம் அவருக்கு மனைவி செண்பகவடிவின் ஞாபகம்தான். அவள் ஒருநாளும் அவருக்கு முன்னால் சாப்பிட்டதில்லை. விடுமுறை நாட்களில் இவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே நேரத்தைக் கடத்துவார். அவள் நிலைப்படியில் வந்து நிற்பாள். 'சாப்பிட வாங்க' என்று அவள் சொன்னதே கிடையாது. "வாங்க, எனக்குப் பசிக்குது" என்பாள். உடனே எழுந்துவிடுவார்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள் மத்தியானமும் அவர் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. அப்போதுதான் அவருக்கு அவள் செத்துப்போனது உறைத்தது.

இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. இதைப் போய் ஒருவரிடம் என்னவென்று சொல்வது!

ஐப்பசி மழையில் ஆறு கரை தொட்டு ஓடிய ஒரு நாள், இலை போடுகிற நேரத்தில் ஆவுடையப்பன் துணிப்பையோடு வந்து நின்றார்.

"போயிட்டு வாரேன் தாயே."

"எங்க?"

அவர் கண் ஆற்றுப் பக்கம் போய்த் திரும்பியதை மடத்தம்மை பார்த்தார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுவீயன்னு வந்தேன். வராத ஆளைக் கூப்பிடச் சொல்லி வெயில்ல நிறுத்திட்டீய."

"இன்னிக்குக் கூப்பிட்டாச்சா?"

"இல்லை."

"சரி. நான் கூப்பிட்டுக்கிடுதேன்."

அவ்வளவுதான் சொன்னார். 'இருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆவுடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி ஆற்றை நோக்கி நடந்தார்.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"பசியோட யாராவது உண்டுமா?"

அவர் நடந்தார். மறுபடியும் அதே குரல். இந்த முறை இவர் போகிற பக்கம் பார்த்து வந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தார். குரல் விடவில்லை. தாங்க முடியாமல் திரும்பினார்.

"யாரைத் தாயே கூப்பிடுதீய? ரோட்டுலதான் ஒருத்தரும் இல்லையே!"

"நீங்களும் தினம் வந்து இதைத்தான் சொன்னீய அண்ணாச்சி. ரோட்டுல ஒரு ஆளு பசியோட நின்னுக்கிட்டேதான் இருந்தாரு."

ஆற்றின் இரைச்சல் பக்கத்தில் கேட்டது. ஆவுடையப்பன் துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்குப் பசியே இல்லை தாயே."

உள்ளே இலைகள் போட்டபடி இருந்தன. முதல் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நெல்லையப்பன் கரண்டியோடு சுவரில் சாய்ந்து காத்திருந்தார். மடத்தம்மை நிலைப்படியில் வந்து நின்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"வாங்க" என்றார். "எனக்குப் பசிக்குது."