குன்றிமணிக்குக் கண் வந்த கதை

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் கொடியும் மரமும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்தபோது, குன்றிமணிக்குக் கறுப்புக் கண் கிடையாது. முழுவதும் சிவப்பாக இருந்தது. அடிவாரத்தில் மஞ்சாடி மரம் உதிர்க்கும் விதையும் அப்படியே சிவப்பு. மலைமேல் இருந்தவர்கள் குன்றிமணியைத் தராசில் போட்டு மருந்து நிறுத்தார்கள். அடிவாரத்துக்காரர்கள் மஞ்சாடியைப் போட்டு நிறுத்தார்கள். அவரவர் ஊரில் ஒரே எடைதான் என்பதால் யாரும் எடையின் பெயரைச் சொல்வதில்லை. நான்கு என்பார்கள், பத்து என்பார்கள். அதுவே போதுமாக இருந்தது.

மலைமேல் ஓர் ஆலமரப் பொந்தில் பூவாயி என்ற இருவாட்சிப் பறவை அடைகாத்துக் கிடந்தாள். அவர்கள் குல வழக்கப்படி பொந்தின் வாயைச் சேற்றால் அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தாள். கணவன் சடையன் நாள் முழுவதும் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டுவான். ஒரு நாள் காலையில் அவள் பழத்தை வாங்கவில்லை. உள்ளேயிருந்து அனல் வந்தது.

சடையன் சங்கிலி வைத்தியரிடம் பறந்தான். அவர் ஒரு கரடி. போன வருடமும் பூவாயிக்கு இதே காய்ச்சல் வந்து, அவர் கொடுத்த கிழங்குத் தூளில்தான் தணிந்தது. இந்த முறை பெருமழையில் அவருடைய தூள் எல்லாம் பூசணம் பிடித்துக் கிடந்தது. அடிவாரத்தில் கீரி வெள்ளையம்மாளின் கடையில் கிடைக்கும் என்றார்.

“ஆறு வாங்கு. ஒரு சிட்டிகை குறைந்தாலும் காய்ச்சல் இறங்காது. கூடினால் மூச்சு நின்றுவிடும். நினைவு இருக்கட்டும் தம்பி, ஆறு.”

வழி முழுவதும் ஆறு, ஆறு என்று சொல்லிக்கொண்டே சடையன் கீழே போனான். வெள்ளையம்மாள் வாய் ஓயாதவள். இவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு இத்தனூண்டு மருந்துக்கா வந்தாய் என்று கேலி செய்தபடி, ஒரு தட்டில் ஆறு மஞ்சாடியைப் போட்டு, மறு தட்டில் தூளைக் கொட்டினாள். முள் நேராக நின்றது. ஒரு துகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தேக்கிலையில் மடித்துக் கொடுத்தாள்.

மலை ஏறும்போதே அலகு கனத்தது. போன வருடம் இதே தூளை இதே மாதிரி இலையில் தூக்கிப் போனவன் அவன். இலை ஈரமாக இருப்பதால்தான் இந்த முறை கனம் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கீறல் வழியாகச் சிட்டிகை சிட்டிகையாக ஊட்டினான். பாதி தீர்ந்தபோது பூவாயியின் அலகு தொங்கியது.

“நாக்கு மரத்துப்போச்சுங்க,” என்றாள். குரல் குழறியது. “இன்னும் எவ்வளவு இருக்கு?”

“பாதி.”

“கொடுங்க, முடிச்சிடலாம்.”

சடையன் மீதியைப் பார்த்தான். வைத்தியர் சொன்னது ஆறு. கடையில் நிறுத்ததும் ஆறு. இருவரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஆனால் தினமும் அவளுக்காகச் சுமந்து பழகிய அலகு வேறு கணக்குச் சொன்னது. அவன் இலையை மடித்துவிட்டான்.

“இரு பிள்ளே, கேட்டுட்டு வர்றேன்.”

சங்கிலி வைத்தியருக்குக் கோபம் வந்துவிட்டது. வைத்தியம் பார்ப்பது நானா, உன் மூக்கா என்று கேட்டார். அரை மருந்தில் விட்டால் காய்ச்சல் திரும்ப ஏறும், அப்புறம் என்னிடம் வந்து அழாதே என்றார். சடையன் ஒன்றுதான் கேட்டான், மீதியை நிறுத்துக் காட்டுங்கள் என்று. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஆறு குன்றிமணியை எடுத்து ஒரு தட்டில் போட்டார். மறு தட்டில் மீதித் தூள்.

முள் நேராக நின்றது.

வைத்தியர் தட்டைத் தட்டிவிட்டுப் பார்த்தார். முள் மறுபடியும் நேராகவே வந்து நின்றது. “அப்படியானால் அவள் சாப்பிட்டதும் ஆறுதான். இதையும் கொடுத்திருந்தால்…” அவர் சொல்லி முடிக்கும்போது சடையன் அங்கே இல்லை.

அவன் கீறலோரம் உட்கார்ந்து அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தான். நீளமாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வெயில் சாயும்போது அனல் அடங்கியது. உள்ளேயிருந்து, “வெறும் வாயோடவா உட்கார்ந்திருக்கீங்க? ஒரு பழம்கூடக் கிடைக்கலையா?” என்று குரல் வந்தது. சடையனுக்குப் பறப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் வைத்தியர் குன்றிமணிகளோடு அடிவாரம் போனார். வெள்ளையம்மாளின் தராசில் ஒரு மஞ்சாடிக்கு இரண்டு குன்றிமணி சரியாக நின்றது. மலைக்காரர்களுக்கு எதிலும் பாதிதான் என்று அவள் குத்தினாள். அடிவாரத்தில் எல்லாம் இரட்டிப்பு, வாயும்கூட என்று அவர் திருப்பிச் சொன்னார். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தே மலை ஏறினார்கள். பூவாயியும் கேட்கட்டும் என்று ஆலமரத்தடியில் பஞ்சாயத்துக் கூடியது. இரண்டில் ஒன்று அடையாளம் சுமக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பளபளக்கும் முகத்தில் கறை வேண்டாம் என்று மஞ்சாடி மறுத்தது.

குன்றிக்கொடி சொன்னது: “நான் இரண்டு சேர்ந்தால்தான் மஞ்சாடி ஒருத்திக்குச் சமம். அடையாளம் எனக்கு இருக்கட்டும். ஆனால் அதைப் பூவாயிதான் வைக்க வேண்டும்.”

பூவாயி அலகு நுனியில் பொந்தின் கருஞ்சேற்றைத் தொட்டு, கீறல் வழியாக நீட்டி, பொந்து வரை படர்ந்து வந்த கொடியில் தொங்கிய ஒவ்வொரு மணிக்கும் ஒரு பொட்டு வைத்தாள். வைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பின்னால், இருட்டுக்குள், ஒரு குஞ்சு கீச்சிட்டது.

அன்று முதல்தான் குன்றிமணி கறுப்புக் கண்ணோடு காய்க்கிறது, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று மலையும் அடிவாரமும் ஒரே வாய்ப்பாடு சொல்கின்றன, ஆறு என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லி மருந்து கேட்டால், நிறுக்கிறவர் தராசைத் தொடாமல், “எதில் ஆறு?” என்று கேட்கிறார்.