பொய் சொல்ல முடியாத குடை

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் பெனிட்டா. பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சீடர் அருமைநாயகம் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவர். ஒரு கோடு கால் அங்குலம் தள்ளிப் போனாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் குருவிடம் கற்றுக்கொண்டது ஒரு விளையாட்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அங்கே போகிறேன், இதைச் செய்கிறேன் என்பார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை சொல்லும். பெனிட்டா பத்து வருடமாகக் கதை நடத்துகிறவர். அருமைநாயகம் அவரை "டீச்சர்" என்று கூப்பிடுவார். டீச்சரோ இவரை "அங்கிள்" என்பார்.

ஞாயிறு மதியம் அருமைநாயகத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆட்டம் நடக்கும். ஆடுபவர்கள் மூன்று பேர். சேர்மக்கனி, வக்கீல். பிச்சுமணி, மருந்துக்கடைக்காரர், கதையில் யார் எதிரே வந்தாலும் வாளை உருவிவிடுவார். மூன்றாவது நஸீமா. தபால் ஆபீஸுக்கு மாற்றலாகி வந்தவர், ஊரில் யாரையும் தெரியாது. ஐந்து வாரமாக அவர் பேசியது இரண்டே வாக்கியம். "சரி." "நானும் வாரேன்."

அருமைநாயகம் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு கதை கட்டினார். வெண்குன்றம் என்றொரு நாடு. அரசரை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஏழு தடயம், நான்கு பொய்ச் சாட்சி, ஒரு சுரங்கப்பாதை. சுரங்கத்துக்கு அளவு பிசகாமல் வரைபடமே போட்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு ஆசை விடவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு மந்திரப் பொருளைத் தானே உண்டாக்கினார். ஒரு குடை. அதன் நிழலில் நிற்பவர் பொய் சொல்ல முடியாது. அட்டையில் அழகாகப் படம் வரைந்து, வண்ணம் தீட்டி, பகடை போட்டதில் ஜெயித்த நஸீமாவிடம் கொடுத்தார்.

அடுத்த காட்சியில் மந்திரி வந்தார். ஒரு பாவமும் அறியாதவர்போல வர வேண்டும் என்பதற்காக, அருமைநாயகம் அவரைக் கொட்டும் மழையில் நடந்து வரவிட்டார்.

நஸீமா மெல்ல வாய் திறந்தார்.

"ஐயோ, மந்திரி நனையுதாரே. குடைக்குள்ள வரச் சொல்லுங்க சார்."

அருமைநாயகத்தின் முகம் வெளுத்தது.

சேர்மக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மந்திரியாரே, அரசரைக் கொன்னது யாரு?"

அருமைநாயகம் அட்டையைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான்.

"நான்தான்" என்றார் மந்திரி.

"யார் சொல்லி?"

"மகாராணி சொல்லி."

மூன்று மாத வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது. பிச்சுமணி வாளை உறையில் போட்டுவிட்டு, "அப்ப டீ போடலாமா?" என்றார்.

மந்திரி சிறைக்குப் போனார். ஆனால் அவர் ஒருவர் சொல்லை மட்டும் வைத்து மகாராணியைப் பிடிக்க முடியாது, இன்னொரு சாட்சி வேண்டும். மகாராணியையாவது காப்பாற்ற வேண்டுமே என்று அருமைநாயகத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அடுத்த வாரத்திலிருந்து வெண்குன்றத்தில் யாரும் குடைக்குள் வரவில்லை. தளபதிக்கு நிழல் ஒத்துக்கொள்ளாது. அரண்மனை வைத்தியருக்கு ஜோசியர் குடையே ஆகாது என்று சொல்லியிருந்தார். சமையல்காரர் தலையில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு தொப்பி. குடையை ஒருமுறை காக்கை தூக்கிக்கொண்டு போனது. மீட்டு வந்தால், நாட்டில் குடை பிடிக்கவே கூடாது என்று புதிய சட்டம்.

"இந்தச் சட்டம் எப்ப வந்துச்சு?" என்றார் சேர்மக்கனி.

"நேத்து."

"தண்டோரா போட்டாங்களா?"

"போட்டாங்க."

"எங்க காதுல விழலையே."

"நீங்க தூங்கிட்டீங்க."

"மூணு பேருமா?"

பிச்சுமணி சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அருமைநாயகத்துக்குப் பிடிக்கவில்லை. "கதை நடத்துதது நானா, நீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

நஸீமா குடை வரைந்த அட்டையை மேசையின் குறுக்கே அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நீங்களே வச்சுக்கிடுங்க சார்."

அதன்பின் ஆட்டம் முடியும்வரை அவர் பேசியது "சரி" மட்டும்தான். கிளம்பும்போது, அடுத்த ஞாயிறு வர முடியுமா தெரியவில்லை என்றார். அருமைநாயகம் அட்டையை அவர் பைக்குள் திரும்ப வைக்கப் போனார். வைக்கவில்லை. அட்டை மேசையிலேயே கிடந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் போய்ப் பரிசோதனை நிலையத்து வாசலில் நின்றார். குரு வேலை முடித்து வெளியே வந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"நடந்துக்கிட்டே பேசலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

குரு கைப்பையிலிருந்து பூப்போட்ட குடையை எடுத்து விரித்தார்.

"உள்ள வாங்க அங்கிள்."

சீடர் குனிந்து உள்ளே வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். பிறகு கேட்டார்: "அந்தக் குடையை எப்படித் திரும்பப் பிடுங்குதது?"

"எதுக்குப் பிடுங்கணும்?"

"ஆட்டத்துல எல்லாருக்கும் சமமான பலம் இருக்கணும்லா."

குரு குடையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். சீடரின் வழுக்கையில் வெயில் சுளீரென்று விழுந்தது. அவர் ஒரு எட்டு நகர்ந்து மறுபடி உள்ளே வந்தார்.

"எதுக்குப் பிடுங்கணும்?"

"கதை சீக்கிரம் முடிஞ்சிருமே. பாவம், அவங்களுக்குத்தான் நஷ்டம்."

குடை மறுபடி நகர்ந்தது. எதிரே வந்த ஒருவர், மனைவியிடம் கோபித்துக்கொண்டு நிற்பவரைப் பார்ப்பதுபோல அருமைநாயகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை உள்ளே வந்தார்.

"எதுக்கு அங்கிள்?"

சீடர் கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டார்.

"மூணு மாசம் எழுதினேன் டீச்சர். சுரங்கத்துக்குப் படிக்கட்டுகூட எண்ணி வரைஞ்சேன். ஒருத்தரும் பார்க்கல. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லிச்சு, எல்லாம் போச்சு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

குடை நகரவில்லை.

பஸ் நிறுத்தம் வந்தது.

"அப்ப நான் என்ன பண்ண?"

"உங்க மகாராணி இதுவரைக்கும் யார்கிட்டயாவது உண்மை பேசியிருக்காளா?"

"இல்ல. பேசக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு படுதேன்."

"பாவம் அவ" என்றார் குரு.

பஸ் வந்தது. குரு குடையை மடக்கிக்கொண்டு ஏறிவிட்டார். சீடர் வெயிலிலேயே நின்றார். அடுத்த பஸ் வந்து போன பிறகும் நின்றார்.

அன்று மாலை தபால் ஆபீஸ் மூடும் முன் போனார். கவுண்ட்டரில் நஸீமா. அருமைநாயகம் வரிசையில் நின்று, முறை வந்ததும், குடை அட்டையைக் கம்பிக்கு அடியில் உள்ளே தள்ளினார்.

"இது உங்களோடது. ஞாயித்துக்கிழமை வாங்க. சட்டத்தை ரத்து பண்ணிட்டேன்."

நஸீமா அட்டையைப் பார்த்தார். "தண்டோரா போட்டாச்சா சார்?" என்றார்.

ஞாயிறன்று மூன்று பேரும் வந்தார்கள். மகாராணி கொலுமண்டபத்தில் இருந்தாள். யாரும் அழைக்கவில்லை. அவளே எழுந்து, படியிறங்கி, குடையின் நிழலில் வந்து நின்றாள்.

பிச்சுமணி பழக்கத்தில் வாளுக்குப் போன கையைப் பாதியில் நிறுத்தினார்.

நஸீமா கேட்டார். "அரசருக்கு விஷம் வைக்கச் சொன்னது நீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

அருமைநாயகத்தின் காகிதத்தில் இதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அரசர்தான் கேட்டார்" என்றாள் மகாராணி. "அவருக்குக் கொள்ளைநோய். மிஞ்சினால் இரண்டு நாள். நோய் என்று வெளியே தெரிந்தால் பக்கத்து நாட்டுக்காரன் எல்லையை அடைப்பான். நெல் வராது. கொலை என்றால் எல்லையை அடைக்க மாட்டான். பழியை மந்திரி ஏற்றுக்கொண்டார். நாளைக் காலை அவருக்குத் தூக்கு. உண்மையைச் சொன்னால் ஊர் பட்டினி. சொல்லாவிட்டால் மந்திரி போய்விடுவார். ஒரு மாதமாக எனக்குத் தூக்கமில்லை. நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன செய்ய?"



மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சேர்மக்கனி மந்திரிக்காக வாதாடினார். பிச்சுமணி, முதல்முறையாக, யாரையும் வெட்டாமல் ஒரு யோசனை சொன்னார். நஸீமா இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, "நோய் வேற யாருக்காவது இருக்கா? அதை முதல்ல கேளுங்க!" என்றார். இருட்டும்வரை ஆட்டம் நடந்தது. டீயை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சீடர் மறுபடி பரிசோதனை நிலையத்து வாசலுக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"என்னாச்சு அங்கிள்? சரியா வரலையா?"

"ரொம்ப சரியா வந்துட்டு டீச்சர். அதான் பயமா இருக்கு. நஸீமாவைப் பிடிக்க முடியல. அடுத்த வாரம் மலை உச்சிக்குப் போகணுமாம். அந்த உலகத்தைப் படைச்ச கடவுளையே குடைக்குள்ள கூப்பிட்டு, 'இந்தக் கதை எப்படி முடியும்?'னு கேக்கப் போறாங்களாம்."

"கேக்கட்டுமே."

"கடவுளாப் பேச வேண்டியது நான்லா! எப்படி முடியும்னு எனக்கே தெரியாதே!"

குரு குடையை விரித்தார்.

"அப்ப அதைத்தானே அவர் சொல்லணும்."