அளவு நாடாவுக்கு இரண்டு முகம் வந்த கதை

புழு பூச்சிகூட வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், தையல்காரர்களிடம் அளவு நாடா கிடையாது. முதுகை வளைத்து வளைத்து நடக்குமே, அந்தப் புழுதான் அளவெடுக்கும். ஒரு வளைவுக்கு ஓர் அங்குலம். அதனால் அதற்கு அங்குலன் என்று பெயர். கம்பத்துத் தையல்காரர் பீர்மைதீனின் கழுத்திலேயே அது குடியிருந்தது. அது ‘முப்பத்தாறு’ என்றால் போதும், அவர் கை தானாக வெட்டும். என்ன சுகமான நாட்கள் அவை!

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் சென்டி என்ற புதுப் புழுதான் அளக்க வேண்டுமாம். அது நூறு தரம் வளைந்தால் ஒரு மீட்டர். அதன் ஒரு வளைவு அங்குலனுடையதில் பாதிகூட இல்லை. பீர்மைதீன் மனசே இல்லாமல் அங்குலனை வாசல் வேப்பமரத்தில் விட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரமே நாச்சம்மாள் வந்தாள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம். இறந்துபோன அம்மாவின் முகூர்த்தப் புடவையில் பூச்சி அரித்தது போக மிஞ்சிய துண்டைக் கொண்டுவந்திருந்தாள்.

“மாமா, இதுல ஒரு ஜாக்கெட் தச்சுக் குடுங்க. அம்மா எங்கூட மணவறைக்கு வந்த மாதிரி இருக்கும்.”

சென்டி அவளைச் சுற்றி நடந்து, “தொண்ணூற்றொன்று” என்றது. தையலுக்கு இரண்டு கூட்டி விடுவது பீர்மைதீனின் முப்பது வருஷப் பழக்கம். அன்றும் இரண்டுதான் விட்டார். ஆனால் அது சென்டியின் இரண்டு!

சாயங்காலம் போட்டுப் பார்த்தவள் அழுதேவிட்டாள். “மாமா, கொக்கி எட்டலையே! வேற துணியும் இல்லையே!”

பீர்மைதீன் வேப்பமரத்தடிக்கு ஓடினார். “அங்குலா, கோவிச்சுக்காம இறங்கி வாப்பா. எங்கையி உனக்குத்தான் பழகியிருக்கு.”

கோபம் இல்லாமலா இருக்கும்? ஆனாலும் நாச்சம்மாளின் அம்மாவுக்குக் கல்யாண ஜாக்கெட் அளந்ததும் அதுதான். இறங்கி வந்தது. நடந்து பார்த்து, “ஒரு அங்குலமும் கொஞ்சமும் குறையுது” என்றது.

“கொஞ்சம்னா எவ்வளவு? வெட்டினது போக மிச்சம் இருக்கிறது ரெண்டு விரல் அகலத் துண்டுப்பா. துளி தப்பினாலும் போச்சு.”

அங்குலனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூலையில் தலைகுனிந்திருந்த சென்டி மெதுவாக, “அந்தக் கொஞ்சத்தை நான் அளக்குறேன். என் ஒரு வளைவுக்குள்ளயே பத்துக் கோடு இருக்கு” என்றது.

பெரியதை அங்குலன் சொல்ல, சின்னதைச் சென்டி சொல்ல, பீர்மைதீன் இரண்டு பக்கமும் பட்டை வைத்துத் தைத்து முடித்தார். கொக்கி மாட்டியதும் நாச்சம்மாள் தன் தோளைத் தானே தடவிக்கொண்டாள். அலுத்துப்போன புழுக்கள் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி அவர் கழுத்திலேயே தூங்கிவிட்டன. அவர் பிரிக்கவில்லை; அப்படி ஒட்டிக் கிடந்ததே அளவு நாடா ஆனது.

நாடாவுக்கு ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் வந்தது அன்று முதல்தான். கடையில் துணியை மீட்டரில் கேட்டு வாங்குகிற நாம், தையல்காரர் முன்னால் போய் நின்றதும் ‘முப்பத்தாறு’ என்று அம்மா சொன்ன கணக்கையே சொல்கிறோம்.