முந்திப் போன துண்டு

ஒரு காட்டில் இடமே இல்லை.

காட்டில் இடம் இல்லாமல் போகுமா என்று கேட்பீர்கள், குழந்தைகளே. பேராலங்காட்டைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். அங்கே கிளைக்குக் கிளை நெரிசல். குளத்தில் தண்ணீர் குடிக்கப் போகும்போதும் கூட்டம், குடித்துவிட்டுத் திரும்பும்போதும் கூட்டம். "நகரு, நகரு" என்பதுதான் அந்தக் காட்டில் காலை வணக்கம். "நகர்ந்தாச்சு, இன்னும் எங்க நகர?" என்பது அதற்குப் பதில் வணக்கம்.

அந்தக் காட்டில் யானைகள்தான் வண்டி. ஒரு யானை வந்து நின்றால் முயல், கீரி, நரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஏறும். இடம் கிடைக்காதவர் அதன் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இடம் பிடிக்க ஒரு வழி இருந்தது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, யானை நிற்பதற்கு முன்பே அதன் முதுகில் வீச வேண்டும். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருக்குச் சொந்தம். அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறப்பார்கள், அது வேறு.

இந்த வித்தையில் சிங்காரம் என்ற குரங்கை மிஞ்ச ஆளில்லை. உச்சிக் கிளையில் நின்று வீசினாலும் நினைத்த இடத்தில் போய் விழும் அவன் துண்டு. யானையில் மட்டுமா இடம் பிடித்தான்? காலையில் ஆலமர நிழலில் துண்டைப் போடுவான். பிறகு, அரசமர நிழல் இதைவிடக் குளிர்ச்சியோ என்று பார்க்கக் கிளம்புவான். துண்டு நிழலில் கிடக்கும். அவன் வெயிலில் அலைவான்.

சிரிக்காதீர்கள். இந்தக் கதையைச் சொல்ல வருமுன் நானும் மின்விசிறிக்கு நேராக ஒரு துண்டைப் போட்டுவிட்டு, ஜன்னலோரம் காற்று வருகிறதா என்று பார்க்கப் போனேன். இப்போது இரண்டு இடத்திலும் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நின்றுகொண்டே சொல்கிறேன்.

சிங்காரத்தின் தங்கை பெயர் பவளம். ஆற்றுக்கு அக்கரையில், நாவலோடை என்ற சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஊர்க்காரர்களுக்குப் பேராலங்காடுதான் பட்டணம். ஒரு நாள் அங்கிருந்து நாரை ஒன்று சேதி கொண்டு வந்தது.

"உன் தங்கச்சி மகளுக்கு நாளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? 'பட்டணத்து அண்ணன் எங்க வரப்போறாரு'ன்னு அவ மாமியார் வீட்டுல ஒரே பேச்சு. 'எங்க அண்ணன் வராம இருக்காது'ன்னு இவ எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா. நீ வரலைன்னா அவ தலை நிமிர முடியாது, பார்த்துக்க."

"நான் வராம இருப்பேனா? மடி தயாரா இருக்குன்னு போய்ச் சொல்லு," என்றான் சிங்காரம்.

வெறும் பேச்சு இல்லை. தங்கை மேல் அவனுக்கு உயிர். குன்றிமணியில் அழகான தோடு ஒரு ஜோடி செய்வித்து, துண்டின் முனையில் முடிந்துகொண்டான். மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போகும் யானைக்காகக் கிளையில் ஏறி நின்றான்.

அன்றைக்கும் குறி தப்பவில்லை. துண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்ததுதான் கொஞ்சம் சங்கடம்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றான் சிங்காரம்.

"நான் நகர்ந்தா உங்களுக்குத்தான் குத்தும்," என்றது முள்ளம்பன்றி.

இடம் பிடித்த பெருமையில் வழியெல்லாம் குத்து வாங்கிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

ஆற்றங்கரையில் இறங்கியதும் சிங்காரத்துக்குக் காது அடைத்துப்போனது போல இருந்தது. சத்தமே இல்லை. தண்ணீர் ஓடுவது கேட்டது. நாவல் பழம் ஒன்று விழுந்தால் அதுவும் கேட்டது. ஆலமர வேரில் ஓர் ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. துறையைப் பார்த்துக்கொள்வது அந்த ஆமைதான். தண்ணீர் ஓரத்தில் எருமை ஒன்று நின்றது. அதன் பெயர் வெள்ளையன். யார் வைத்த பெயரோ, கரிக்கட்டை அதைவிட வெள்ளை.

சிங்காரம் அங்குமிங்கும் பார்த்தான்.

"பெரியவரே, கூட்டம் எங்க?"

"எந்தக் கூட்டம்?" என்றது ஆமை.

"அக்கரைக்குப் போற கூட்டம்."

"இன்னிக்கு யாரும் வரலையே."

"வண்டி?"

"அதோ நிக்கிறான்."

"எப்பக் கிளம்பும்?"

"ஏற வேண்டியது ஏறிட்டா கிளம்பும்."

சிங்காரத்துக்கு நம்பிக்கை வரவில்லை. கூட்டம் இல்லாத வண்டியில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும், அல்லது கூட்டம் எங்கேயோ ஒளிந்திருக்க வேண்டும், கடைசி நேரத்தில் பாய்ந்து வந்துவிடும் என்று நினைத்தான். இரண்டடி பின்னால் போனான். ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தான். துண்டை வீசினான். அது வெள்ளையனின் நடு முதுகில் போய் அழகாக விழுந்தது. வெள்ளையன் எருமை மேல் மழை பெய்தது போல நின்றது. எருமைதானே, வேறு எப்படி நிற்கும்?

ஆமை இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அந்தத் துறையின் வழக்கமே வேறு. அக்கரைக்கு ஆள் போக வேண்டுமானால், ஆள் ஏறி உட்காருவார். பொருள் போக வேண்டுமானால், அதை எருமை முதுகில் வைத்துவிட்டு, யார் வீட்டுக்கு என்று ஆமையிடம் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பொருள் பத்திரமாகப் போய்ச் சேரும்.

ஆகவே ஆமை வழக்கம்போலக் கேட்டது.

"இது எங்க போகணும்?"

தான் பிடித்த இடம் எந்த ஊர் வரைக்கும் என்றுதான் கேட்கிறது என்று சிங்காரம் நினைத்தான். "நாவலோடைக்கு. பவளம் வீட்டுக்கு."

"அவசரமோ?"

"நேரத்துக்குப் போயாகணும். வழியில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"இங்க யாரும் கை வைக்க மாட்டாங்க," என்றது ஆமை.

அத்தோடு அவன் ஏறி உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் எனக்குக் கதை இல்லை. "வேற எருமை எதுவும் வருமா?" என்று கேட்டான்.

"மேல்துறைப் பக்கம் எப்பவாச்சும் ஒண்ணு வரும்."

"அதையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன். அது இதைவிட வேகமாப் போகுமோ என்னவோ."

அவன் தாவித் தாவி மறைந்தான். ஆமை எருமையிடம் சொன்னது: "வெள்ளையா, இந்தத் துண்டு பவளம் வீட்டுக்காம். பட்டணத்துக்காரர் குடுத்து விட்டுட்டுப் போயிட்டாரு. நேரத்துக்குச் சேரணுமாம்."

பிறந்ததிலிருந்து அவசரப்படாத வெள்ளையன் அன்றைக்கு அவசரப்பட்டது.

மேல்துறையில் எருமை எதுவும் இல்லை. வந்தால் இருக்கட்டும் என்று ஒரு பாறையில் இலைக்கொத்தை ஒடித்துப் போட்டு அங்கேயும் இடம் பிடித்துவிட்டுத்தான் சிங்காரம் திரும்பினான். துறைக்கு வந்து பார்த்தால் வெள்ளையன் நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் துண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நில்லு, நில்லு," என்று கத்தினான். தண்ணீர்ச் சத்தத்தில் வெள்ளையன் காதில் அது "செல்லு, செல்லு" என்று விழுந்தது. அது இன்னும் வேகமாக நீந்தியது.

"ஏன் கத்துறீங்க? உங்க துண்டு பத்திரமாப் போயிடும்," என்றது ஆமை.

"துண்டு போயிடும். நான்?"

"நீங்களும் போகணுமா?"

"நான்தானய்யா போகணும். அதுக்குத்தானே இடம் போட்டேன்."

"இடமா?" ஆமை கழுத்தை முழுதாக வெளியே நீட்டி அவனைப் பார்த்தது. "முதுகு பூராக் காலியாத்தானே இருந்துச்சு? ஏறி உக்காந்திருக்கலாமே."

பேராலங்காட்டில் எத்தனையோ பேரிடம் வாதாடி ஜெயித்த சிங்காரம், அந்த ஒரு கேள்விக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

நீந்தவும் தெரியாது. குளத்தில் இடம் இருந்திருந்தால்தானே நீச்சல் பழகியிருப்பான்?

"கரையோரமாவே போங்க. ஒரு மருதமரம் குறுக்க விழுந்து பாலமாக் கிடக்கு. சுத்து வழிதான், ஆனா ஆத்தைத் தாண்டிடலாம்," என்றது ஆமை.

சிங்காரம் ஓடினான். சேற்றில் விழுந்து எழுந்து ஓடினான். வழி முழுக்கக் காலி. "நகரு" என்று சொல்லக்கூட ஓர் ஆள் இல்லை. அதனால் தன்னையே திட்டிக்கொண்டு ஓடினான். "அடேய் சிங்காரம், உன் குறி என்ன குறி! காலி எருமையில இடம் பிடிச்ச ஒரே குரங்கு நீதான்டா. பிடிச்ச இடத்தைத் துண்டுக்கே குடுத்த வள்ளலும் நீதான்டா." தங்கை முகம் நினைவுக்கு வந்தபோது திட்டு நின்றுவிட்டது. இன்னும் வேகமாக ஓடினான்.

நாவலோடையில் காது குத்தும் ஆசாரி மரங்கொத்தி. நேரம் தவறாதவர். அலகைத் தீட்டிக்கொண்டு தயாராக நின்றார். பவளம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எருமை வந்தது. துண்டு வந்தது. முடிச்சில் தோடு வந்தது. அண்ணனைக் காணோம்.

"மாமன் மடி எங்கம்மா?" என்று மாமியார்க் குரங்கு கேட்டது.

"துண்டு வந்திருக்கு அத்தை. அண்ணன் பின்னாலயே வரும்."

பார்த்தார்கள். காத்திருந்தார்கள்.

"நல்ல நேரம் போகுது தாயி. அப்புறம் நான் அலகைத் தொட மாட்டேன்," என்றார் மரங்கொத்தி.

பவளம் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணன் துண்டைப் பலகையில் விரித்தாள். குட்டியை அதன்மேல் உட்கார வைத்தாள். "இதுதான் மாமன் மடி. குத்துங்க," என்றாள். மரங்கொத்தி இந்தக் காதில் ஒரு கொத்து, அந்தக் காதில் ஒரு கொத்து. குட்டி அழவில்லை. பவளம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தோட்டை மாட்டி முடித்தபோது, தலை முதல் வால் வரை சேறாகச் சிங்காரம் வந்து நின்றான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டணத்தில் திட்டுவது போலத் திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குத் திட்டியிருப்பான். அங்கே யாரும் திட்டவில்லை.

"வாங்க தம்பி," என்றது மாமியார்க் குரங்கு. "உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும். நேரத்துக்கு வர முடியாதுன்னுதானே துண்டையாச்சும் முன்னால அனுப்பிட்டீங்க? பெரிய மனசுதான்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். சிங்காரம் வாயைத் திறந்தான். தங்கையைப் பார்த்தான். பொய் வெளியே வரவில்லை.

"அனுப்பலை அத்தை. இடம் போட்டேன்."

"எதுல?"

"எருமையில."

"நம்ம வெள்ளையன் மேலயா? அவ்வளவு கூட்டமா?"

"கூட்டம் இல்லை. நான் ஒருத்தன்தான் இருந்தேன்."

முதலில் மரங்கொத்தி சிரித்தார். பிறகு மாமியார், பிறகு எல்லோரும். சிங்காரமும் சிரித்தான், எல்லோரையும்விடச் சத்தமாக. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

குட்டி ஓடி வந்து அவன் சேற்றுக் காலைக் கட்டிக்கொண்டது. "மாமா, உங்க மடி மெத்துமெத்துன்னு இருந்துச்சு," என்றது.

"அது என் மடி இல்லடா கண்ணு," என்றான் சிங்காரம். பிறகு பவளத்திடம் போய் மெல்லச் சொன்னான்: "தங்கச்சி, அடுத்த குட்டிக்குக் கண்டிப்பா நான் வந்து மடி குடுக்கிறேன்."

பவளம் துண்டை எடுத்தாள். நாலாக மடித்து அவன் தோளில் போட்டாள்.

"நீ எதுக்கு அண்ணே சிரமப்படுறே? துண்டைக் குடுத்து விடு. அது நேரத்துக்கு வந்துடுது."

நீதி: இடம் பிடிக்கத் தெரிந்தால் போதாது, பிடித்த இடத்தில் உட்காரவும் தெரிய வேண்டும்.