பதினோராயிரம் முடிச்சு

பாவியைக் காட்டு என்றால் ஊரே விரல் நீட்டும். அந்த விரல் சரியான ஆளைத்தான் காட்டுகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? நான் சொல்லப்போவது ஒரு சேலையின் கதை. அது பறிபோகக் காரணமானவர் மூவர். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்; கடைசியில் உங்களைத்தான் கேட்பேன்.

மதுரைப் பக்கம் சுங்குடிச் சேலை செய்யும் தெரு ஒன்றில் மங்களேஸ்வரி என்றொருத்தி இருந்தாள். துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கினால் முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அந்த இடம் புள்ளியாகத் தெரியும். அதுதான் சுங்குடி. உள்ளே சாயம் கசிந்துவிட்டதா என்று அறிய ஓரத்தில் ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். முழுச் சேலையையும் அவிழ்க்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து விழும்.

இருபத்திரண்டு வருஷம் ஊராருக்கு முடிச்சுப் போட்ட மங்களேஸ்வரி, தான் ஒரு சுங்குடி உடுத்தியதில்லை. அவள் கல்யாணத்துக்கே அச்சுப் புள்ளிச் சேலைதான் எடுத்தார்கள். "முடிச்சுப் போடுறவளுக்கே அச்சுச் சேலையா?" என்று நாத்தனார்கள் பந்தியில் வைத்துச் சிரித்தார்கள். அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மூத்த நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், கூலி வேலை முடிந்த நேரமெல்லாம் உட்கார்ந்து எட்டு மாதத்தில் பதினோராயிரம் முடிச்சுப் போட்டாள். அரக்கு நிறம், மஞ்சள் புள்ளி. கல்யாணத்தன்று காலையில் அவிழ்த்து உடுத்திக்கொண்டு, சிரித்தவர்கள் நடுவே போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அவளோடு கூட்டாகக் கடை போடுகிறவள் தில்லைநாயகி. அவளும் சிறு வயதிலிருந்தே முடிச்சுப் போடுகிறவள்தான். அவளுக்கும் சொந்தமாய் ஒரு சுங்குடி கிடையாது. "அன்னைக்கு மறுமுனையை நான்தான்டி பிடிப்பேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நகர மைதானத்தில் கைவினைச் சந்தை கூடியது. அச்சுச் சேலையைச் சுங்குடி என்று தலையில் கட்டுகிறவர்கள் பெருகிவிட்டதால், சுங்குடிக் கடை ஒவ்வொன்றும் முடிச்சோடு ஒரு சேலையைச் சாட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சந்தை விதி. இவர்கள் கடையில் மற்றதெல்லாம் அவிழ்த்து இஸ்திரி போட்டவை. முடிச்சோடு இருந்தது மங்களேஸ்வரியின் சேலை ஒன்றுதான். "விக்கிறதுக்கு இல்லக்கா, பாத்துக்க" என்று பத்துத் தடவை சொல்லித்தான் மாட்டினாள். அந்தத் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. முடிச்சுச் சேலையை முனை பிடித்து அவிழ்த்த வாடிக்கையாளருக்கே அது சொந்தம். அதன்பின் வாங்கியவரும் பின்வாங்க முடியாது, விற்றவரும் மறுக்க முடியாது.

இரண்டாம் நாள் மங்களேஸ்வரி கழிப்பறைக்குப் போனாள். அது மைதானத்தின் அந்தக் கோடியில். பெண்கள் வரிசையோ அனுமார் வால். அந்த நேரம் பார்த்து வனஜா என்ற சீமாட்டி வந்து சேர்ந்தாள். மாட்டியிருந்த சேலைதான் வேண்டும் என்றாள். "சோபாத் திண்டுக்கு உறை தைக்கணும். இதை வெட்டித் தைச்சா எடுப்பா இருக்கும்."

விற்பனைக்கு இல்லை என்றாள் தில்லை. வந்ததே கோபம் சீமாட்டிக்கு! "அச்சுத் துணியில சும்மா நூலைச் சுத்தி வச்சிருப்பீங்க, அதான் தர மாட்டேங்கறீங்க" என்று கத்தி, சந்தை மேற்பார்வையாளர் குணசீலனைக் கூட்டி வந்துவிட்டாள். மனுஷன் வெளியூர். துணியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் உடுத்துவதும் துவைக்கப் போடுவதும்தான். "முடிச்சு நிஜம்னு அவுத்துக் காட்டுங்க. இல்லேன்னா இப்பவே கடையை மூடிருவேன்" என்றார்.

"நிஜமா இருந்தா நானே எடுத்துக்கறேன்" என்று வனஜா ஒரு முனையைப் பிடித்தாள். தில்லை மறுமுனையைப் பிடித்தாள்.

படபடவென்ற அந்தச் சத்தம் பத்துக் கடைக்கு அப்பால் வந்துகொண்டிருந்த மங்களேஸ்வரியின் காதில் விழுந்தது. என்ன சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓடி வந்தாள். தரையெல்லாம் நூல். சீமாட்டி சேலையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். மங்களேஸ்வரி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "அவுத்தவளுக்குத்தானே சேலை? உங்க வழக்கம்தானே அது?" என்று கேட்டு, விலைப் பணத்தைக் கடையில் வீசிவிட்டு வனஜா நடையைக் கட்டினாள். "நான் விதியைத்தான் பார்த்தேன்" என்றார் குணசீலன். தில்லை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "கடையை மூடியிருந்தா நம்ம நாப்பது சேலையும் மூட்டைக்குள்ளதாண்டி கெடக்கும்! நான் வேற என்ன செய்வேன்?"

கேட்டீர்களா கூத்தை? சரி, இப்போது சொல்லுங்கள். வனஜா, குணசீலன், தில்லைநாயகி, இந்த மூவரில் மங்களேஸ்வரிக்குப் பெரிய கொடுமை செய்தவர் யார்?

விடை: சீமாட்டியின் பெயரைச் சொல்ல நாக்குத் துடிக்கும், கொஞ்சம் அடக்குங்கள். அவள் கல்நெஞ்சக்காரிதான், மேற்பார்வையாளர் அரைகுறைதான். ஆனால் இருவருக்கும் சுங்குடி வேலை தெரியாது, மங்களேஸ்வரியும் அவர்களுக்கு யாரோ. ஓரத்தில் ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்து மஞ்சள் புள்ளியைக் காட்டியிருந்தால் கடையும் பிழைத்திருக்கும், சேலையும் பிழைத்திருக்கும். அங்கே நின்ற மூவரில் அது தெரிந்தவள் தில்லை ஒருத்திதான். அன்று மாலை கடையைக் கட்டும்போது மங்களேஸ்வரியே அவளிடம் கேட்டாள்: "ஒரு முடிச்சு போதும்னு உனக்குத் தெரியாதாக்கா?" தில்லை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும்டி. நீ உடுத்திக்கிட்டுப் போவ, நான் முனையைப் பிடிச்சு விட்டுட்டுப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றாள். மங்களேஸ்வரி அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை.